வழுக்கைக்கு மருந்து தேடிய 3,500 ஆண்டுகள்



தலைமுடி உதிர்வு இன்று நம் முத்துக்குளித்துறை ஊர்களில் சிறிய கவலையாக இல்லை. தூத்துக்குடியிலும் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும், வளைகுடா நாடுகளில் உழைத்துச் சேர்த்த பணத்தின் ஒரு பகுதியைத் தலைமுடிக்காகச் செலவிடும் இளைஞர்கள் உள்ளனர். திருமணப் பேச்சு தொடங்குவதற்கு முன் எண்ணெய். எண்ணெய் பலிக்காவிட்டால் மாத்திரை. அதுவும் பலிக்காவிட்டால் முடி நடவு. மதரஸாவில் பாடம் நடத்தும் எங்களிடமும் இது குறித்துக் கேட்கிறார்கள். முடி நடுவது கூடுமா, மாத்திரை உட்கொள்ளலாமா, விளம்பரத்தில் சொல்வது மெய்யா என்று கேள்விகள் வருகின்றன.

கூடும், கூடாது என்று ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். ஆயினும் கேட்பவருக்கு அதைக் காட்டிலும் பயன்படக்கூடியது இந்தத் தேடலின் வரலாறு. எது நோய், எது இயல்பு என்று பிரித்தறிந்தவர்களே இத்துறையில் ஏதேனும் கண்டுபிடித்தார்கள். பிரிக்காமல் எல்லாத் தலைக்கும் ஒரே மருந்தை விற்றவர்கள் பணம் மட்டுமே கண்டார்கள். இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.

பண்டைய மருந்துகள்

எபர்ஸ் பாப்பிரஸ் என அறியப்படும் எகிப்திய மருத்துவச் சுவடி கி.மு. 1550 அளவில் எழுதப்பட்டது. இன்று ஜெர்மனியில் லைப்சிக் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும் அச்சுவடியில் வழுக்கைக்கு ஒரு மருந்து கூறப்பட்டுள்ளது. சிங்கம், நீர்யானை, முதலை, பூனை, பாம்பு, மலையாடு ஆகியவற்றின் கொழுப்பைக் கலந்து தலையில் பூச வேண்டும். பிடரி மயிர் அடர்ந்த சிங்கத்தின் கொழுப்பு மனிதத் தலையிலும் முடியை வளர்க்கும் என்பது அக்கால நம்பிக்கையாக இருந்திருக்கலாம்.

கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் நூல்களிலும் வழுக்கை பேசப்படுகிறது. அவற்றில் உள்ள ஒரு சிறு குறிப்பு, எல்லாப் பூச்சு மருந்துகளையும் விட மதிப்பு மிக்கது. ஆண்மை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதே அக்குறிப்பு. ஏன் என்று அன்று எவருக்கும் தெரியவில்லை. அந்த ஏன் என்ற கேள்விக்கு விடை கிடைக்க ஏறத்தாழ 2,300 ஆண்டுகள் ஆயின.

அரபு மொழி பிரித்த இரண்டு

அரபு மொழியில் முடியிழந்தவரைக் குறிக்க இரு சொற்கள் உண்டு. நோயினால் முடி இழந்தவர் அக்ரஃ. முன்தலையில் முடி இயல்பாகப் பின்வாங்கியவர் அஸ்லஃ. அரபு அகராதிகள் இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்தே பொருள் கூறுகின்றன.

பனூ இஸ்ராயீல் சமூகத்தைச் சேர்ந்த மூவரை அல்லாஹ் சோதித்த நிகழ்ச்சி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. ஒருவர் வெண்குஷ்ட நோயாளி, ஒருவர் முடியிழந்தவர், ஒருவர் பார்வையற்றவர். இரண்டாமவர் அக்ரஃ என்றே குறிக்கப்படுகிறார். மக்கள் அவரைக் கண்டு அருவருத்தார்கள் என்பதும் அதில் வருகிறது. எனவே அது நோயுற்ற தலை.

உமர் (ரலி) அவர்களின் தலையோ அவ்வாறானதன்று. அவர்கள் ஹஜருல் அஸ்வத் கல்லை முத்தமிட்டதைக் கண்ட அப்துல்லாஹ் இப்னு ஸர்ஜிஸ் (ரலி) அவர்கள், அஸ்லஃ என்ற சொல்லாலேயே உமர் (ரலி) அவர்களைக் குறிப்பிட்டு அச்செய்தியை அறிவித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் அது பதிவாகியுள்ளது. முன்தலையில் முடியில்லாதிருந்தது கலீஃபாவின் அடையாளமாக இருந்ததே தவிர, இழிவாக இருக்கவில்லை. அலீ (ரலி) அவர்களின் தோற்றத்தை வருணிக்கும் வரலாற்றாசிரியர்களும் இவ்வாறே எழுதியுள்ளார்கள்.

மருத்துவ அறிஞர்களும் இந்தப் பிரிவினையைப் போற்றினார்கள். இப்னு சீனா (980–1037) தமது அல்கானூன் நூலின் நான்காம் பாகத்தில் முடி, தோல், நகம் ஆகியவற்றுக்கென ஒரு பகுதியை ஒதுக்கினார். திட்டுத்திட்டாக முடி கொட்டும் நோயைத் தாஉஸ் ஸஃலப், அதாவது நரி நோய் என்று அழைத்து, அதனை இயல்பான வழுக்கையிலிருந்து வேறாக எழுதினார். சொறி பிடித்த நரிக்கு மயிர் உதிர்வதைப் பார்த்து கிரேக்கர் இட்ட பெயரின் அரபு வடிவம் அது.

நம் தமிழிலும் இந்தப் பிரிவினை உண்டு. வட்டமாக முடி கொட்டினால் புழுவெட்டு என்போம். முன்னெற்றியிலும் உச்சியிலும் மெல்லக் குறைந்தால் வழுக்கை என்போம். புழுவெட்டில் புழு எதுவும் இல்லை. உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் தன் முடி வேரையே பகையெனக் கருதித் தாக்குவதால் அது வருகிறது. பெயர்க் காரணம் பிழையானாலும், இரண்டும் வெவ்வேறு என்று கண்ட நம் முன்னோரின் கண் பிழைபடவில்லை.

இந்தப் பிரிவினை இன்று எவ்வளவு தேவைப்படுகிறது என்பதற்குச் சின்ன வெங்காயமே சான்று. புழுவெட்டு விழுந்த இடத்தில் வெங்காயம் தேய்ப்பது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். 2002ஆம் ஆண்டு பாக்தாத் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் இதனைச் சோதித்தார்கள். வெங்காயச் சாறு பூசிய 23 பேரில் 20 பேருக்கு ஆறு வாரங்களில் முடி முளைத்தது. வெறும் தண்ணீர் பூசிய 15 பேரில் இருவருக்கு மட்டுமே முளைத்தது. சிறிய ஆய்வுதான், புழுவெட்டு பல நேரங்களில் தானாகவே ஆறிவிடும் என்பதையும் மறக்கலாகாது. ஆனால் இந்த ஆய்வு புழுவெட்டைப் பற்றியது. வழுக்கையைப் பற்றி அது எதுவும் கூறவில்லை. இன்று கடைகளில் அடுக்கப்பட்டிருக்கும் வெங்காய எண்ணெய்ப் புட்டிகளில் இந்த வேறுபாடு எழுதப்பட்டிருப்பதில்லை.

திறக்காத சிப்பி

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கூந்தல் எண்ணெய் பெரும் வணிகமாயிற்று. கல்கத்தாவில் ஹேமேந்திர மோகன் போஸ் என்பவர் குந்தலீன் என்ற எண்ணெயை விற்றார். அதனை விளம்பரப்படுத்த 1896ஆம் ஆண்டு சிறுகதைப் போட்டி ஒன்றையும் நடத்தினார். பரிசு பெற்ற கதையை எழுதியவர் புகழ்பெற்ற விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ். வங்கக் கடலில் எழுந்த புயலை ஒரு புட்டிக் கூந்தல் எண்ணெய் அடக்கிவிடுவதாகக் கதை செல்லும். விஞ்ஞானி வேடிக்கையாக எழுதினார். விளம்பரங்களோ இதைவிடப் பெரிய அற்புதங்களை வேடிக்கையின்றியே இன்றும் கூறி வருகின்றன.

நம் கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து உண்டா இல்லையா என்பது எடுத்தவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. சிலர் ஒரே நாளில் செல்வரானார்கள்; பலர் நாறிய சிப்பிக் குவியலோடு வீடு திரும்பினார்கள். எனினும் அந்த ஏலத்தில் ஒரு நேர்மை இருந்தது. இது துணிந்து எடுக்கும் பொருள் என்பதை ஏலத்தில் நின்ற அனைவரும் அறிந்திருந்தார்கள். வழுக்கை எண்ணெய் வாங்குபவருக்கு அந்த அறிவும் மறுக்கப்படுகிறது. சிப்பிக்குள் முத்து உறுதி என்று சொல்லியே அவரிடம் விற்கிறார்கள்.

அரசுக்கும் இது தெரியும். 1945ஆம் ஆண்டின் இந்திய மருந்து விதிகளில் ஜே என்ற அட்டவணை ஒன்று உள்ளது. எந்த நோய்களைத் தடுப்பதாகவோ குணப்படுத்துவதாகவோ ஒரு மருந்து உரிமை கொண்டாடக் கூடாது என்பதை அது பட்டியலிடுகிறது. புற்றுநோய் இடம்பெற்ற அந்தப் பட்டியலில் வழுக்கையும் இடம்பெற்றுள்ளது. சட்டம் இருக்கிறது, விளம்பரமும் இருக்கிறது.

விடை கிடைத்த ஆண்டு

ஹிப்போகிரட்டீஸ் காலத்துக் கேள்விக்கு 1942ஆம் ஆண்டு அமெரிக்க உடற்கூற்று அறிஞர் ஜேம்ஸ் ஹாமில்டன் விடை கண்டார். ஆண் சுரப்பிகள் செயல்படாத ஆண்களை அவர் நெடுநாள் கவனித்தார். அவர்களுக்கு வழுக்கை விழவில்லை. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை அவர்களுக்குச் செலுத்தியபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு முடி உதிரத் தொடங்கியது. குடும்பத்தில் வழுக்கை இல்லாதவர்களுக்கு உதிரவில்லை. செலுத்துவதை நிறுத்தியபோது உதிர்வு நின்றது. போன முடி மட்டும் திரும்பவில்லை.

ஆக, வழுக்கைக்குத் தேவையானவை மூன்று: மரபு, ஆண் ஹார்மோன், காலம். நம்மிடையே உலவும் பல எண்ணங்களுக்கு இதிலேயே விடை இருக்கிறது. தொப்பி அணிவதால் வழுக்கை விழும் என்று சிலர் கூறுகிறார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. வளைகுடா நாட்டுத் தண்ணீரைப் பலர் குறை கூறுகிறார்கள். அங்கு செல்லும் வயதும் வழுக்கை தொடங்கும் வயதும் ஒன்றாக இருப்பதால் தண்ணீர் மீது பழி விழுகிறது. கடும் காய்ச்சலுக்குப் பின்னரும், இரும்புச் சத்துக் குறைவினாலும், தைராய்டுக் கோளாறினாலும் முடி கொட்டுவதுண்டு. அது வேறு, காரணம் நீங்கினால் பெரும்பாலும் முடி திரும்ப வளரும். முதலில் மருத்துவரிடம் சென்று எது என்று அறிய வேண்டும் எனக் கூறுவது இதனால்தான்.

சிப்பியில் ஒட்டு, தலையில் நடவு

முடி நடவின் அடிப்படையை நம் கடற்கரை வாசகர்கள் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961ஆம் ஆண்டில். அதன்பின், 1973ஆம் ஆண்டு, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கே. அழகர்சாமி தலைமையில் இங்கே வளர்ப்பு முத்து உருவாக்கப்பட்டது. ஒரு சிப்பியின் ஓட்டை ஒட்டியிருக்கும் மென்தோலிலிருந்து சிறு துண்டை வெட்டி, ஒரு மணியுடன் மற்றொரு சிப்பியின் உடலுக்குள் வைப்பார்கள். வேறு உடலில் வைத்தாலும் அத்துண்டு தன் இயல்பை மறப்பதில்லை. மணியைச் சுற்றிப் பையாக வளர்ந்து முத்துப் பூச்சைச் சுரக்கிறது.

தலையிலும் இதுவே நடக்கிறது. பிடரிப் பக்கத்து முடி வேர்கள் ஆண் ஹார்மோனுக்குப் பணிவதில்லை. முற்றிலும் வழுக்கையான ஒருவருக்கும் பின்தலையில் ஒரு வளையமாக முடி எஞ்சுவது அதனால்தான். அந்த வேரை எடுத்து முன்தலையில் நட்டால், நட்ட இடத்தின் குணத்தை அது ஏற்பதில்லை. எடுத்த இடத்தின் குணத்தையே காக்கிறது. ஜப்பானில் ஒகுடா என்ற மருத்துவர் 1939ஆம் ஆண்டிலேயே தழும்பு விழுந்த தலைகளில் இவ்வாறு முடி நட்டு எழுதினார். உலகப் போர் மூண்டதால் அது வெளியுலகை எட்டவில்லை. நியூயார்க் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1959ஆம் ஆண்டு வழுக்கைத் தலைகளில் செய்து வெளியிட்ட ஆய்வே இன்றைய முடி நடவின் தொடக்கம்.

இதன் எல்லையையும் அறிய வேண்டும். நடவு புது முடியை உண்டாக்குவதில்லை; இருப்பதை இடம் மாற்றுகிறது. பின்தலையில் இருக்கும் இருப்பு அளவுக்கு உட்பட்டது. 22 வயதில் அவசரப்பட்டு முன்னெற்றியை நிரப்பிக்கொள்பவருக்கு, அதன் பின்னாலுள்ள சொந்த முடி 40 வயதில் உதிர்ந்துவிட்டால், மீண்டும் எடுத்து நடப் போதிய முடி இராது.

இரண்டு மருந்துகளின் கதை

இன்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட முதன்மையான மருந்துகள் இரண்டு. இரண்டுமே வழுக்கைக்காகத் தேடப்பட்டவை அல்ல.

மினாக்சிடில், அமெரிக்காவின் அப்ஜான் நிறுவனம் உயர் இரத்த அழுத்தத்துக்காக உருவாக்கிய மாத்திரை. அதை உட்கொண்டவர்களுக்கு முகத்திலும் கையிலும் வேண்டாத முடி வளர்ந்தது. இதனைக் கண்ட கொலராடோ பல்கலைக்கழக மருத்துவர்கள், 1970களின் தொடக்கத்தில் அம்மருந்தைத் தோலில் பூசும் திரவமாக்கித் தங்கள் கையிலேயே சோதித்தார்கள். 1988ஆம் ஆண்டு ஆண்களின் வழுக்கைக்கு அது அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்றது. சோதனைகளில் அதைப் பூசியவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் நல்ல வளர்ச்சி கண்டதாகக் கூறினார். மருந்தே இல்லாத வெறும் திரவம் பூசியவர்களிலும் பத்தில் ஒருவர் அவ்வாறே கூறினார். நண்பருக்குப் பலித்தது என்ற சொல்லை ஏன் உடனே நம்பக் கூடாது என்பதற்கு இந்த ஒரு செய்தி போதும். பூசுவதை நிறுத்தினால் வளர்ந்த முடி சில மாதங்களில் உதிர்ந்துவிடும் என்பதும் அறியத்தக்கது.

பினாஸ்டரைடு பிறந்தது ஒரு குக்கிராமத்தின் வழியாக. கரீபியக் கடலில் உள்ள டொமினிக்கன் குடியரசின் சலீனாஸ் கிராமத்தில் சில ஆண் குழந்தைகள் பெண் குழந்தையின் தோற்றத்துடன் பிறந்து, பருவம் எய்தும்போது ஆண் தன்மை பெற்றனர். ஜூலியான் இம்பராட்டோ-மெக்கின்லி என்ற மருத்துவர் அவர்களை ஆராய்ந்து 1974ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார். டெஸ்டோஸ்டிரோனை மேலும் வீரியமுள்ள ஹார்மோனாக மாற்றும் நொதி அவர்களுக்குக் குறைவாக இருந்தது. அவர்களுடைய முன்நெற்றி முடி பின்வாங்குவதே இல்லை என்பதும் தெரிந்தது. அந்நொதியைத் தடுக்கும் மருந்தை மெர்க் நிறுவனம் உருவாக்கி, 1992இல் புராஸ்டேட் வீக்கத்துக்கும், 1997இல் குறைந்த அளவில் வழுக்கைக்கும் ஒப்புதல் பெற்றது.

இந்த மாத்திரையை மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கி உட்கொள்ளும் இளைஞர்கள் கவனிக்க வேண்டும். சிலருக்கு இது இல்லற உணர்வைக் குறைக்கிறது. மனச் சோர்வையும் உண்டாக்கலாம். தற்கொலை எண்ணம் இம்மாத்திரையின் பக்க விளைவு என்பதை ஐரோப்பிய மருந்து முகமை 2025ஆம் ஆண்டு உறுதி செய்தது. கருவில் உள்ள ஆண் குழந்தைக்குத் தீங்கு நேரக்கூடும் என்பதால் கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடுவதும் கூடாது. மருத்துவரின் கண்காணிப்பு இன்றி இது வீட்டுக்குள் வரத்தக்க பொருளன்று.

தேடல் இன்னும் முடியவில்லை. வழுக்கைத் தலையிலும் முடியின் மூலச் செல்கள் அழியாமல் தங்கியிருக்கின்றன என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டு கண்டறிந்தார்கள். உறங்கும் அச்செல்களை எழுப்பும் மருந்துகள் மனிதரிடம் சோதிக்கப்பட்டு வருகின்றன. புழுவெட்டுக்கோ 2022ஆம் ஆண்டு பாரிசிட்டினிப் என்ற மாத்திரை அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது நோயெதிர்ப்பு ஆற்றலை அடக்கும் மருந்து என்பதால் வழுக்கைக்கு உரியதன்று. அக்ரஃ வேறு, அஸ்லஃ வேறு என்ற அந்தப் பழைய பிரிவினை ஆய்வுக்கூடத்திலும் தொடர்கிறது.

உயிரும் மார்க்கமும்

2016ஆம் ஆண்டு மே மாதம் சென்னையில் ஒரு மையத்தில் முடி நடவு செய்துகொண்ட இளைஞர் ஒருவர் அதனையடுத்து உயிரிழந்தார். அவரே மருத்துவம் பயின்ற மாணவர் என்பது எண்ணிப் பார்க்க வேண்டியது. 2022ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம், முறையான அறுவைப் பயிற்சி பெற்ற பதிவு பெற்ற மருத்துவரே முடி நடவு செய்ய வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றது பயிற்சியாகாது என்றும் அதில் கூறியது. அழகு நிலையத்தின் மலிவுக் கட்டணத்தைக் காண்பவர், மயக்க மருந்து கொடுப்பவர் யார், அவசரச் சிகிச்சைக்கு அங்கே என்ன வசதி என்று கேட்காமல் படுத்துவிடக் கூடாது.

மார்க்கச் சட்டம் குறித்துச் சுருக்கமாக: பிறர் முடியைத் தன் முடியோடு இணைப்பதை நபி (ஸல்) அவர்கள் வன்மையாகத் தடுத்துள்ளார்கள். சொந்த முடியை இடம் மாற்றி நடுவது அதில் சேராது என்பது அறிஞர்கள் பலரின் நிலைப்பாடு. ஷைக் இப்னு உஸைமீன் (ரஹ்) அவர்கள், மேற்கூறிய பனூ இஸ்ராயீல் மூவரின் நிகழ்ச்சியையே சான்றாகக் காட்டி அனுமதித்தார்கள். சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி 2007ஆம் ஆண்டு மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடியபோது, உதிர்ந்த முடிக்குப் பதிலாக முடி நடுவதை அனுமதிக்கப்பட்டவற்றில் சேர்த்தது. ஆனால் அனுமதி என்பது கட்டளையன்று. கடன் வாங்கியும், மனைவி மக்களின் உரிமையைக் குறைத்தும், உயிரைப் பணயம் வைத்தும் செய்வதற்கு அந்த அனுமதி பொருந்தாது.

இதில் இளைஞர்களை மட்டும் குறை கூறிப் பயனில்லை. மாப்பிள்ளையின் தொழுகையையும் குணத்தையும் விசாரிப்பதற்கு முன் புகைப்படத்தில் நெற்றியின் அளவைப் பார்க்கும் பெற்றோர் நம்மிடையே உள்ளனர். அந்தப் பார்வைதான் 24 வயதுப் பிள்ளையைத் தெரியாத மையத்தின் படுக்கைக்கு அனுப்புகிறது. முடி வேண்டுமென்று விரும்புவது குற்றமன்று. தகுந்த மருத்துவரிடம் தகுந்த சிகிச்சை பெறுவதும் குற்றமன்று. இல்லாத நோயைப் பிள்ளைக்குச் சூட்டி, இல்லாத மருந்துக்கு அவனை அலையவிடுவதே குற்றம். அஸ்லஃ என்று அழைக்கப்பட்ட ஒருவரைக் கலீஃபாவாகப் பெற்ற சமுதாயம் நாம். நம் பிள்ளைகளின் நெற்றியை நாம் பார்க்கும் விதம் மாறினால், அவர்களுடைய கவலையில் பாதி இன்றே தீர்ந்துவிடும்.

அல்லாஹ் நன்கறிந்தவன்.